15ஆம் கிலோமீற்றரில் மதகில் குந்திவிட்ட தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று தரம் கேட்டேன். "எனக்கு ஏலாது அக்கா, ஓட்டம் எனக்குச் சரிவராது" என்று அழுதழுது சொல்லியிருந்தாய். அரை மரதன் போட்டியன்று 15ஆம் கிலோமீற்றரில் அந்த மதகுக் கட்டில் நீ குந்தியிருந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். உன் வலது கெண்டைக்கால் தசை தோலுக்குள்ளே எலி ஓடுகிற மாதிரித் துள்ளிக்கொண்டிருந்தது, கறுப்பு ரீசேட்டின் முதுகு முழுக்க உப்புக் காய்ந்து வெள்ளைக் கோடு கோடாய்க் கிடந்தது. அப்படியிருந்தும் எழும்பினாய், நடந்தும் ஓடியும் 21 கிலோமீற்றரையும் முடித்தாய். உனக்கு ஏலும். நீ பழகுகிற விதத்தில்தான் பிழை இருக்கிறது, அதை மாற்றலாம்.

உன் மணிக்கூட்டுக் கணக்கைப் பார். முதல் 5 கிலோமீற்றர் 25 நிமிடம். 10 முடியும்போது 52. 15 முடியும்போது 83. அதற்குப் பிறகு மிஞ்சின 6 கிலோமீற்றருக்கு மட்டும் 55 நிமிடம். மொத்தம் 2 மணி 18 நிமிடம். தொடக்கத்திலிருந்தே கிலோமீற்றருக்கு 6 நிமிடம் 10 செக்கன் என்று ஒரே சீராக ஓடியிருந்தால் 2 மணி 10 நிமிடத்தில், காலில் பிடிப்பும் இல்லாமல் வந்திருப்பாய். தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கிற கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு கெதியாக ஓடினால் கெதியாகத் தீரும், கடும் வேகத்தில் ஒன்றரை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது. நீ அதை முதல் பத்திலேயே அள்ளி எரித்துவிட்டாய்.

ஆனால் போட்டி நாளில் விட்ட பிழை சின்னது. பெரிய பிழை நீ ஒவ்வொரு நாள் விடியவும் செய்வது. இளைக்க இளைக்க ஓடினால்தான் பயிற்சி என்று நினைக்கிறாய். மெல்ல ஓடினால் பஞ்சிப்பட்டு ஓடுகிற மாதிரி உனக்குத் தோன்றுகிறது. நானும் முதல் இரண்டு வருசம் அப்படித்தான் ஓடினேன், ஒரு செக்கன்கூட முன்னேறவில்லை.

இரணைமடுக் குளக்கட்டில் நான் ஓடுகிற நேரத்தில் ஒரு பால்கார அண்ணை சைக்கிளில் வருவார். கரியரில் இரண்டு கான் கட்டியிருக்கும், கொஞ்சத் தூரம் என் பக்கத்திலேயே மெதுவாக உழக்கிக்கொண்டு வந்து ஏதாவது கேட்பார். "குளத்தில தண்ணி எவ்வளவு பிள்ளை நிக்குது, இந்தமுறை சிறுபோகத்துக்குக் காணுமோ?" அவருக்கு நான் ஒரு முழு வசனத்தில் மூச்சு வாங்காமல் பதில் சொல்ல முடிந்தால் அன்றைக்கு என் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருக்கால் மூச்சு இழுத்தால் கூடிவிட்டது, குறைப்பேன். இதைவிட நல்ல அளவுகோல் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. உனக்கு அது கிலோமீற்றருக்கு ஏழேகால், ஏழரை நிமிடம் வரும். வெட்கப்படாதே. அந்த வேகத்தில்தான் இதயம் ஒரு துடிப்புக்கு அனுப்பும் இரத்தம் கூடும், தசைக்குள் மயிர்த்துளைக் குழாய்கள் என்ற நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகும், நீ உயிரியலில் படித்த, கலத்துக்குச் சக்தி தருகிற அந்த இழைமணிகளும் கூடும். கிழமைக்கு நாலு நாள் காணும். மூன்று நாள் 6, 7 கிலோமீற்றர் மெல்ல, ஞாயிறு ஒரு நீண்ட ஓட்டம், 10இல் தொடங்கிக் கிழமைக்கு ஒன்றாகக் கூட்டு, நாலாவது கிழமை குறை. ஆறு கிழமை போன பிறகு நடுவில் ஒருநாள் வேகமாக ஓடலாம்: 4 நிமிடம் வேகம், 2 நிமிடம் மெல்ல, அப்படி ஐந்து தரம். அதற்கு முன்னம் வேண்டாம். மூச்சு இரண்டு மூன்று மாதத்தில் பழகிவிடும், எலும்பும் தசைநாணும் அவ்வளவு கெதியாகப் பழகாது. ஒரே மாதத்தில் தூரத்தை இரட்டிப்பாக்கப் போய் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு நோவோடு நான் இரண்டு மாதம் ஓடாமல் இருந்தேன்.

இன்னொன்று. ஓடுவதற்கு முன் நோக்குளிசை போடுகிறேன் என்று சொன்னாயே, அதை இன்றோடு விடு. ஒருமுறை 30 கிலோமீற்றர் ஓடுவதற்கு முன் நானும் ஒன்று போட்டேன். வீட்டுக்கு வந்தபோது சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனது. உடம்பில் நீர் வற்றின நேரத்தில் அந்தக் குளிசை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும் என்று வைத்தியர் ஏசி ஏசிச் சொன்னார். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயோடு எத்தனை வீடுகள் அல்லாடுகின்றன என்று உனக்கே தெரியும். தேசிக்காய், ஒரு சிட்டிகை உப்பு, சீனி கரைத்த தண்ணீர்ப் போத்தல் காணும், தாகத்துக்குக் குடி. வெறும் தண்ணீரை லீற்றர் கணக்கில் குடித்தாலும் இரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்து. களை மாறவே மாறாது என்றால் இரத்தத்தில் இரும்புச்சத்தைச் சோதித்துப் பார், மாதவிடாய் அதிகமாகப் போகிற பெண் பிள்ளைகளுக்கு அது குறைவது வழமை.

சோளகக் காற்றுப் பெயர்ந்தால் காற்றுக்கு எதிரே போய், காற்றோடு திரும்பு. களைத்த பிறகு எதிர்க்காற்றில் வருவது பெரிய கரைச்சல். விடிய 5 மணிக்குக் காட்டுக்கரை வீதி வேண்டாம், யானை நிற்கும். எங்கேயென்றாலும் கிரவல் பாதையை விட்டு இறங்காதே. ஒதுங்குவதென்றாலும் தெரிந்த இடத்தில் ஒதுங்கு. மிதிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் இருக்கின்றன, சிவப்புப் பலகை தெரியாவிட்டாலும் கவனம்.

அம்மா ஏசுகிறா என்றாய். "கலியாணம் கட்டுற வயசில றோட்டில ஓடுறாளாம்" என்று சனம் சொல்லுதாம். அம்மாவிடம் முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மாவைப் பற்றிச் சொல். 2023இல், 70 வயதைத் தாண்டிய பிறகு, பிலிப்பைன்ஸுக்குப் போய் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம், 800 மீற்றரில் வெண்கலம் எடுத்து வந்தவ. எங்கட முல்லைத்தீவு மண்ணில் நடந்து திரிந்த மனுசி. அந்தப் படத்தை அம்மாவுக்குக் காட்டு, நான் வந்து கதைக்கவும் தயார்.

அடுத்த போட்டியில் முதல் 5 கிலோமீற்றருக்குள் உன்னை நிறையப் பேர் தாண்டிப் போவார்கள். போகட்டும், பின்னால் போகாதே. 15இல் "ஏலாது" என்ற நினைப்பு திரும்ப வரும், எனக்கும் ஒவ்வொருமுறையும் வருகிறது. வந்தால் 21ஐ நினைக்காமல் அடுத்த லைற் கம்பம் வரை மட்டும் ஓடு, அங்கே போய்ச் சேர்ந்த பிறகு அதற்கடுத்ததைப் பார்.

வருகிற ஞாயிறு 5 மணிக்குக் கட்டடியில் நிற்பேன். பழைய சப்பாத்தே காணும், மணிக்கூட்டை வீட்டில் வைத்துவிட்டு வா. 10 கிலோமீற்றர், கதைத்துக்கொண்டே ஓடுவோம். பால்கார அண்ணை வந்தால் நீதான் பதில் சொல்லவேண்டும்.

அன்புடன்,
அக்கா