போட்ட கம்ப்ளைன்டைத் திரும்ப வாங்க முடியுமா?

வில்லிவாக்கம்
25 ஜனவரி 2026, ஞாயிறு

அன்புள்ள சரோ,

நலம், நலமறிய ஆவல். முடிந்ததா சம்பிரதாயம்? இவருக்கு முட்டி தேறி வருகிறது, வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டார். பிரபுவுக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை. நீ அனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் வந்து சேர்ந்தது. மூடி சரியாக இறுக்கவில்லை போல, பாதி எண்ணெய் கூரியர்காரர் பையில். உன் பேரில் கம்ப்ளைன்ட் போட வழியில்லாததால் மன்னித்தேன்.

தீபாவளிக்கு நீ கூப்பிட்டபோது நான் எடுக்கவில்லை. பொங்கலுக்கு நான் கூப்பிடவே இல்லை. கோபமாக இருப்பாய், இரு. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே புகுந்து தீர்ப்புச் சொல்லிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

டிசம்பர் முதல் வாரத்து மழையை டிவியில் பார்த்திருப்பாய். டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்து, கரைக்கும் வராமல் ஒழிந்தும் போகாமல் கடலிலேயே உட்கார்ந்துகொண்டு கொட்டியதே, அந்த மழை. இவருக்கு ஆபரேஷன் ஆகிப் பத்து நாள். வீட்டில் மாவு இருந்தது, காஸ் இருந்தது, எல்லாம் இருந்தது. எனக்கு அடுப்படிக்குப் போக உடம்பு வளையவில்லை. வேறு காரணம் கிடையாது. இரண்டு சாம்பார் இட்லி, பிரபுவுக்கு ஒரு ரவா தோசை, ஆப்பில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

அரை மணி என்று காட்டியது ஒரு மணியைத் தாண்டியது. அந்தக் குட்டி வண்டிப் படம் நகராமல் ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கோபம் ஏறியது. மழையில் நிற்பது வண்டியும் அதன் மேல் ஒரு ஆளும் என்று அப்போது தோன்றவே இல்லை, பார்த்துக்கொள்.

வந்தான். இருபத்து மூன்று வயசு இருக்கும். கோட்டு போட்டும் தொப்பலாக நனைந்து, நாலு மாடி ஏறி, மூச்சு வாங்க நின்றான். எங்கள் ஃப்ளாட்டில் லிஃப்ட் இல்லையா என்கிறாயா? இருக்கிறது. டெலிவரி ஆட்கள் அதில் ஏறக்கூடாது என்று கீழே போர்டும் இருக்கிறது. அந்தப் போர்டில் செயலாளர் என்று போட்டு, கீழே இருப்பது என் கையெழுத்து. அதைப் பிறகு சொல்கிறேன்.

பையைத் திறந்தால் சாம்பார் முழுக்கக் கொட்டிப்போய்க் கவரில் குளமாக நிற்கிறது. அவன்தான் முதலில் பேசினான்: "சப்வேல தண்ணிம்மா, சுத்தி வந்தேன். பள்ளத்துல வண்டி எறங்கிருச்சு. கம்ப்ளைன்ட் மட்டும் போட்றாதீங்கம்மா, ஐடி பிளாக் பண்ணிருவாங்க."

"சரிப்பா, போ" என்றேன்.

கதவைச் சாத்தினேன். கொட்டின சாம்பாரைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. பிரபு சோபாவில் இருந்தபடியே, "நீ போட்டா கம்பெனிதாம்மா காசு குடுக்கும், அவனுக்கு என்ன வந்துச்சு?" என்றான். போட்டோ எடுத்தேன், அனுப்பினேன். இரண்டே நிமிஷம். 164 ரூபாய் திரும்பி வந்துவிட்டது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை, எப்படி என்று கேட்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பாங்கில் குப்பை கொட்டியவளுக்கு, இப்படிக் கேள்வி கேட்காமல் பணம் திரும்பி வந்தாலே சந்தேகம் வரும். எங்கோ யாரோ கணக்கில் பற்று எழுதாமல் இங்கே வரவு விழாது. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. இட்லியைச் சட்னி தொட்டுச் சாப்பிட்டுவிட்டேன் வேறு.

மறுநாள் காலையில்தான் அந்த "சரிப்பா" காதில் கேட்க ஆரம்பித்தது. அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஆப்பில் உதவி என்று ஒரு இடம் உண்டு. அங்கே போய், நான் போட்ட கம்ப்ளைன்ட் தப்பு, திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று தட்டினேன். ‘உங்கள் ஆர்டரில் எந்தப் பொருளில் குறை?’ என்று கேட்டது. குறை என்னில் என்று போட்டால் அதற்குப் புரியுமா? நாலு தடவை முட்டிப் பார்த்தேன். கடைசியில் எனக்கே ஐம்பது ரூபாய் கூப்பன் கொடுத்து அனுப்பிவைத்தது. சிரிக்காதே.

இந்த இடத்தில் நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "நான் அந்த ஆப்பையே போன்ல ஏத்தலடீ." மகராசி. உன் வீட்டில் எழுபத்தொன்பது வயசு மாமியார் காலை ஐந்தரைக்கு அடுப்புப் பற்ற வைக்கிறார். அவருக்கு ரேட்டிங் கிடையாது, இன்சென்டிவ் கிடையாது, லாகவுட் கிடையவே கிடையாது. நீ கை சுத்தம்! கோபித்துக்கொள்ளாதே சரோ, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முப்பது வருஷம் ஆபீசும் அடுப்படியுமாக ஓடினவளுக்கு இந்த ஆப் வந்தபோது பெரிய விடுதலை கிடைத்த மாதிரி இருந்தது. என் முதுகில் இருந்த மூட்டை இறங்கிவிட்டது என்று நினைத்தேன். அது சதுரப் பையாகி வேறு ஒருத்தன் முதுகில் ஏறியிருக்கிறது.

இதோடு விட்டேனா? பைத்தியக்காரி மாதிரி அவனைத் தேடிப் போனேன். அண்ணா நகர் இரண்டாவது அவென்யூவில் போன வருஷம் மாநகராட்சி டெலிவரி ஆட்களுக்கு என்று ஒரு ஏசி ஓய்வறை திறந்தது. நாற்காலி, குடிதண்ணீர், போனுக்குச் சார்ஜ் போட வசதி, கழிப்பறை. வெயிலில் பிளாட்பாரத்தில் வண்டி மேலேயே சாய்ந்து கிடந்தவர்களுக்குப் போக ஒரு இடம். நல்ல காரியம்தான், நீ எந்தக் கட்சியாக இருந்தாலும் ஒத்துக்கொள்ள வேண்டும். அங்கே அவன் இருப்பான் என்று எந்த நம்பிக்கையில் போனேனோ தெரியாது. வாசலிலேயே நின்றேன். அவன் இல்லை. நாற்பத்தைந்து வயசுக்காரர் ஒருத்தர் வெளியே வந்து, "யாரைம்மா பாக்கணும்?" என்றார். அம்பத்தூரில் லேத் கம்பெனியில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவராம். கம்பெனியை மூடிவிட்டார்கள், இவர் பையைத் தூக்கிவிட்டார்.

கம்ப்ளைன்ட் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "சில நேரம் ஒண்ணும் ஆகாதும்மா. சில நேரம் ரெண்டு நாள், மூணு நாள் ஐடி தூங்கிரும். எதுக்குன்னு சொல்ல மாட்டாங்க. கேக்கப் போனா, ஆப்புல போய்க் கேளுங்கம்பாங்க." எனக்குக் கூப்பன் கொடுத்த அதே சுவரில்தான் இவர்களும் போய் முட்டுகிறார்கள்! இவர்களுக்குக் கூப்பன்கூடக் கிடையாது.

வண்டி அவருடையது, பெட்ரோல் அவருடையது, போன் அவருடையது, கீழே விழுந்தால் கை காலும் அவருடையது. ஓட்டலில் சாப்பாடு தயாராக நேரமானால் நிற்கிற நேரமும் அவர் கணக்கில்தான். இத்தனை ஆர்டர் முடித்தால் இவ்வளவு கூடுதல் என்று ஒரு இலக்கு உண்டாம். ஒன்று குறைந்தாலும் அந்தக் கூடுதல் போச்சு. ராத்திரி பதினொன்றுக்கு மேல் அந்த ஒற்றை ஆர்டருக்காகத் தெருமுனையில் காத்துக் கிடப்போம் என்றார். பார்ட்னர் என்று பெயராம். எங்கள் பாங்கில் பார்ட்னர் என்றால் லாபத்தில் பங்கு உள்ளவன். இதில் நஷ்டத்தில் மட்டும் பங்கு.

நான் சும்மா இருப்பேனா? வீட்டுக்கு வந்து பேப்பர் கட்டிங் எல்லாம் தோண்டினேன். 2020இல் போட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில்தான் இவர்களுக்குச் சட்டத்தில் முதன்முதலாக ஒரு பெயரே கிடைத்தது. அது நடைமுறைக்கு வந்தது போன நவம்பர் 21 அன்று. கம்பெனிகள் வருஷ விற்றுவரவில் 1 முதல் 2 சதவீதம் இவர்களுடைய நலனுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. நம் மாநிலத்தில் 2023இலேயே தனி நலவாரியம் வந்தாயிற்று. போன பட்ஜெட்டில் வாரியத்தில் பதிந்த 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் என்றார்கள். இதெல்லாம் படித்த தைரியத்தில் மறுபடி ஒரு நாள் போய், வாரியத்தில் பதிந்தாயிற்றா என்று அந்த மனிதரைக் கேட்டேன். "பண்ணணும்மா" என்றார். அதற்குள் போன் கத்தியது, வண்டியை எடுத்துவிட்டார்.

அப்போது உன் தாத்தா ஞாபகம் வந்தது. பெரம்பூர் பின்னி மில் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பார்! சோற்றில் கை வைத்ததும் சங்கு ஊதிவிடும் என்று கையை உதறிக் காட்டுவாரே. சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பதுதான் அவர்களுடைய முதல் குறைகளில் ஒன்று. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் அன்னி பெசன்ட்டோடு இருந்த வாடியாவைப் போய்ப் பார்க்க, 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் வந்தது, திரு.வி.க. வந்தார். சாப்பிட நேரம் கேட்டவர்கள் இந்த ஊர்க்காரர்கள், சரோ. இன்றைக்கு ஊருக்கெல்லாம் மதியச் சாப்பாடு சுமக்கிறவர் மூன்றரை மணிக்கு டீயும் பன்னும் தின்கிறார். தாத்தாவுக்கு முறைத்துக்கொண்டு நிற்க ஒரு மில் கேட்டாவது இருந்தது. இவர்கள் எந்த கேட்டில் போய் நிற்பார்கள்?

டிசம்பர் 31 அன்று நாடு முழுக்க வேலைநிறுத்தம் என்று அறிவித்தார்கள். நான் அன்றைக்கு எதுவும் வாங்குவதில்லை என்று சபதம் போட்டேன். பிரபு அவன் அறையிலிருந்து பிரியாணி வரவழைத்தான். வந்தது. மறுநாள் ஒரு பெரிய கம்பெனியின் தலைவர், நேற்று 75 லட்சம் ஆர்டர், சாதனை என்கிறார். சரி, எல்லாம் வீண் என்று நினைத்தால், பொங்கலுக்கு முந்தி மத்தியத் தொழிலாளர் துறை தலையிட, கம்பெனிகள் பத்து நிமிஷத்தில் மளிகை என்கிற விளம்பரத்தைக் கைவிட ஆரம்பித்தார்கள். விளம்பரம் போனது. ஓட்டம் குறைந்ததா என்று அடுத்த முறை கேட்க வேண்டும்.

இப்போது உப்புமாவுக்கு வருகிறேன். ஆமாம், அந்த உப்புமாதான்.

காலேஜ் மூன்றாம் வருஷம் ஹாஸ்டலில் நாம் எல்லோரும் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வார்டன் மூக்குத்தி ஆட ஆட வந்து கெஞ்ச, ஜெயித்தோமே. இன்றுவரை யார் கல்யாணத்தில் கூடினாலும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறோம். அன்று ராத்திரி நீ என் கட்டிலில் வந்து உட்கார்ந்து, அவ்வளவு உப்புமாவுக்கும் மெஸ் பாக்கியம் அக்கா கூலியில் பிடித்துவிட்டார்களாம் என்று சொன்னாய். நான் தூங்குகிற மாதிரி இருந்தேன். தூங்கவில்லை, சரோ. முப்பத்தெட்டு வருஷம் கழித்து ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் அக்கா வழக்கம் போலத்தான் எனக்கு ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டார். நானும் தின்றேன். நீ மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நான் கேட்கவில்லை.

லிஃப்ட் விஷயம் சொல்ல வேண்டும். போன வாரம் எங்கள் ஃப்ளாட் சங்கக் கூட்டத்தில் அந்தப் போர்டை எடுத்துவிடலாம் என்றேன். போட்டவளே எடுக்கச் சொன்னால் எப்படி என்று ஒரே கூச்சல். லிஃப்ட் ஈரமாகிறதாம், எண்ணெய் வாடை அடிக்கிறதாம், பெண் பிள்ளைகள் இருக்கிறார்களாம். நான் நம் சாந்தியைச் சொன்னேன். ஜவுளிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று நின்று அவள் கால் நரம்பு சுருண்டு போனதை. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் நம் சட்டசபையே சட்டம் போட்டதே, நாம் ஒரு லிஃப்ட் விடக்கூடாதா என்றேன். 3-பி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அவங்க கடை ஸ்டாஃப் மேடம். இவன் யாரோட ஸ்டாஃப்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அந்த ஆளிடம் நான் வாயடைத்து நிற்பேன் என்று கனவில்கூட நினைத்ததில்லை.

ஓட்டெடுப்பில் ஏழுக்கு ஒன்பது, தோற்றேன். போர்டு இன்னும் இருக்கிறது, என் கையெழுத்தோடு. இப்போதைக்கு, எங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால் நானே கீழே இறங்கிப் போய் வாங்கிக்கொள்கிறேன். "நிறுத்தித் தொலைக்க வேண்டியதுதானே" என்கிறார் இவர். அதையும் அந்த அம்பத்தூர்க்காரரிடம் கேட்டேன். "நிறுத்தாதீங்க. லொகேஷனை மட்டும் சரியாப் போடுங்க, உங்க வீதியில மூணு தடவ சுத்துனேன்" என்றார். போன மாதம் வந்திருக்கிறாராம். எனக்கு முகமே ஞாபகம் இல்லை.

இவ்வளவு எழுதினது ஒரு காரியத்துக்காக. உன் அண்ணன் மகன் பெங்களூரில் இந்த மாதிரி ஒரு கம்பெனியில்தானே ஏதோ கம்ப்யூட்டர் வேலை? அவனிடம் கேட்டுச் சொல். ஒருத்தி போட்ட கம்ப்ளைன்டை அவளே திரும்ப வாங்க வழி இருக்கிறதா? ஆர்டர் நம்பர் வைத்திருக்கிறேன். டிசம்பர் 2, ராத்திரி எட்டேகால். 164 ரூபாயைக் கட்டச் சொன்னாலும் கட்டுகிறேன். வழி இல்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லச் சொல்.

உன்
மல்லி

பி.கு: மாமியாரைப் பற்றி எழுதினதைப் படித்துவிட்டு ஒரு வாரம் பேசாமல் இருப்பாய். இரு. ஆனால் அந்த ஒரு வாரம் காலை காப்பியை நீ போடு.