பச்சைக் குடையை விட்டுப் போனவர் உட்பட எல்லாருக்கும்

சுங்கை சிப்புட் மக்களுக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை இரவு பள்ளி மண்டபத்தில் நடந்த என் குழல் கச்சேரிக்கு வந்தவர்களுக்கும், உள்ளே வரத் தயங்கி வாசலில் மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்தபடியே கேட்டுவிட்டுப் போனவர்களுக்கும் இந்த மடல். நன்றியை மேடையிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒரு தாளில் எழுதிக்கூட வைத்திருந்தேன். ஆனால் நாலாவது பாட்டில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது போட்ட சத்தத்தில் என் குழல் எனக்கே கேட்கவில்லை. கடைசியில் மின்சாரமும் போனது. பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பாதிப் பேர் சொல்லிவிட்டீர்கள். மீதிப் பேரை மட்டும் போட்டால் வம்பு. அதனால் யார் பெயரும் இல்லை. அவரவர் இடம் வரும்போது அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி நாலாவது வரிசையில் இருந்த வெள்ளைச் சட்டைத் தாத்தாவுக்கு. நடந்தது என்ன என்று பின்வரிசைக்குப் புரிந்திருக்காது, ஆகவே சொல்கிறேன். உலோகக் குழலின் ஒவ்வொரு சாவிக்கு அடியிலும் வட்டமாக ஒரு சின்ன மெத்தை இருக்கும். உள்ளே கம்பளி, மேலே மெல்லிய சவ்வு. நம் ஊர் ஈரத்தில் அது பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். இடக்கைச் சுண்டுவிரலால் திறக்கும் ஜி ஷார்ப் சாவி இதில் பெரிய எமகாதகன். அழுத்தினால் உடனே திறக்காது. ஒரு கணம் யோசித்துவிட்டு 'ப்ச்' என்று திறக்கும். வேகமான பாட்டில் மானம் போக அந்த ஒரு கணம் போதும். இதற்கு உலகம் முழுக்க ஒரே மருந்துதான்: சிகரெட் சுருட்டும் தாள். மெத்தைக்கு அடியில் வைத்து அழுத்தி எடுத்தால் ஈரத்தை உறிஞ்சிவிடும். எப்போதும் பையில் வைத்திருப்பேன், அன்றைக்குப் பார்த்து இல்லை. மைக்கிலேயே கேட்டேன். மண்டபம் சிரித்தது. தாத்தா எழுந்து சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவர் புகையிலையை விட்டுவிட்டதாக ஆச்சி நம்பிக்கொண்டிருந்தது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஆச்சி, அன்றைக்கு மட்டுமாவது மன்னித்துவிடுங்கள்.

முப்பத்தைந்து வருடமாகக் குழல் ஊதித்தான் பிழைக்கிறேன். சொந்த ஊரில் ஒருமுறைகூட வாசித்ததில்லை. யாரும் கூப்பிடவில்லை என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மையில் நான்தான் கேட்கவில்லை. நம் ஊர்ப் பெயர் சரித்திரப் புத்தகத்தில் வருவது 1948 ஜூன் 16-இல் தோட்டத் துரைகள் சுடப்பட்டு மலாயாவில் அவசரகாலம் தொடங்கியதற்காக. கோலாலம்பூரில் ஊரைச் சொன்னாலே அதைத்தான் கேட்பார்கள். அந்த ஊர்க்காரி ஜாஸ் வாசிக்கிறாள் என்றால் அங்கே சிரிப்பார்கள், இங்கேயும் சிரிப்பார்கள் என்று ஒரு பயம். சிரித்தீர்கள்தான், சிகரெட் தாளுக்கு.

என் முதல் குழல் மூங்கில். ஒன்பது வயதில் தைப்பூசத்துக்கு ஈப்போ குனோங் சீரோவுக்குப் போனபோது கடைவீதியில் இரண்டு வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கியது. ஆறே மாதத்தில் நீளவாக்கில் விரிசல் விட்டது. அம்மா ரப்பர் மரத்தில் பால்வெட்டு முடிந்து வந்து, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தின் அடியில் மிஞ்சியிருந்த பாலை விரலால் வழித்து விரிசலில் தடவி, அதன்மேல் தையல் நூலை இறுக்கிச் சுற்றி, மறுபடியும் பால் தடவி அடுப்புக்கு மேலே காயப் போட்டார். இரண்டு நாளில் குழல் பேசியது. ஆனால் உதட்டில் வைத்தால் ரப்பர் ஸ்டோர் வாடை. இன்றைக்கும் எந்த நாட்டில் எந்தக் குழலை எடுத்தாலும் முதல் மூச்சில் அந்த வாடையைத் தேடுவேன். ஒருமுறைகூட வந்ததில்லை.

ஜாஸ் என் காதில் விழுந்தது தோட்டத்துக் கணக்கர் கிராணி ஐயா வீட்டு வாசற்படியில். அவரிடம் சிற்றலை வானொலி இருந்தது. பிபிசி தமிழோசை கேட்டு முடித்ததும் சும்மா முள்ளைத் திருகிக்கொண்டிருப்பார். வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கோனோவர் என்பவர் 1955 முதல் ஜாஸ் நிகழ்ச்சி நடத்தி வந்தார். கனத்த குரல், ஆங்கிலம் தெரியாதவனுக்கும் புரிகிற மாதிரி நிதானமாகப் பேசுவார். இரைச்சலுக்கு நடுவே ஒருநாள் அதில் புல்லாங்குழல் வந்தது. நம் குழல் மாதிரியும் இருந்தது, வேறு ஏதோ மிருகம் மாதிரியும் இருந்தது. ஐயா அந்த நிகழ்ச்சியை எனக்காகவே விட்டுவைக்க ஆரம்பித்தார். லயத்துப் பிள்ளையை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டுப் பிள்ளையை, அவர் ஒருநாளும் வீட்டுக்குள் கூப்பிட்டதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வானொலிப் பெட்டியை ஜன்னலோரம் நகர்த்தி வைத்தார். அந்த ஒரு முழ தூரத்துக்கு நன்றி ஐயா.

இப்போது கூட்டு, அதாவது மாதச் சீட்டு, விஷயத்துக்கு வருகிறேன். இந்த மடலே அதற்காகத்தான்.

1988. ஈப்போவில் ஒரு இசைக்கருவிக் கடையில் யாரோ விற்றுவிட்டுப் போன யமாஹா குழல் ஒன்று 580 வெள்ளிக்கு இருந்தது. எங்கள் லயத்தில் பன்னிரண்டு பெண்கள் ஆளுக்கு 50 வெள்ளி கூட்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். மாதம் 600. அந்த மாத முறை மூணாம் வீட்டு அத்தைக்கு. அவர் அடுப்படிக் கூரையை மாற்றக் காத்திருந்தார். மழை பெய்தால் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் வாளி வைக்கிற வீடு அது. அம்மா போய்க் கேட்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை. யார் வாயிலாகவோ விஷயம் அத்தை காதுக்குப் போய், மறுநாள் பெரட்டு (காலை ஆள்கணக்கு) முடிந்து ரப்பர் காட்டுக்குப் போகிற வழியில் அம்மா கையில் காசைத் திணித்துவிட்டார். "கூரை இன்னும் நாலு மாசம் ஒழுகட்டும், ஒண்ணும் கரைஞ்சு போயிட மாட்டோம்" என்றாராம். எங்கள் முறை வந்தது ஏழு மாதம் கழித்து. அதுவரை அந்தக் கூரை ஒழுகியது. நடுவில் இரண்டு மழைக்காலம்.

அத்தை இப்போது இல்லை. தோட்டத்திலும் ரப்பர் இல்லை, லயம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. லோரி ஓட்டும் அவர் மகன் சனிக்கிழமை குடும்பத்தோடு வந்திருந்தார். மழை கொட்டியபோது அவர் அண்ணாந்து தகரத்தைப் பார்த்ததையும், அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்ததையும் நான் கவனித்தேன் அண்ணே. அந்த இடத்தில் இரண்டு அட்சரம் தவறவிட்டேன். ட்ரம்ஸ்காரர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார் ஏன் என்று.

ஈப்போவில் நொட்டேஷன் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற போலீஸ் பேண்டு பாக்சிக், மலாய்ப் பெரியவர். பணம் வாங்க மாட்டார், முறுக்கு வாங்குவார். ஏழாம் மாதப் பேய்த் திருநாளுக்கு நம் சந்தைப் பக்கம் சீனக் கூத்து மேடை போடுவார்களே, அதன் பின்பக்கம் டிசி என்ற சீனக் குழல் வாசித்த அங்கிளுக்கும் நன்றி. டிசியில் ஊதும் துளைக்கும் விரல் துளைக்கும் நடுவே இன்னொரு துளை உண்டு. நாணல் தண்டின் உள்சவ்வை அதன்மேல் ஒட்டுவார்கள். ஊதினால் அது அதிர்ந்து தேனீ மாதிரி ரீங்கரிக்கும். ஒட்டப் பசை எது என்று கேட்டேன். உரித்த பூண்டை எடுத்துத் துளையைச் சுற்றித் தேய்த்துக் காட்டினார். அன்று இரவு முழுக்க என் விரலில் பூண்டு மணம். அப்பா நான் எங்கே சாப்பிட்டேன் என்று விசாரித்தார்.

கோலாலம்பூரில் ஹோட்டல் வாசிப்பு. ஆறு வருடம், பெரும்பாலும் பிறந்தநாள் பாட்டு. அதில் உருப்படியாகக் கிடைத்தது ஒரு ஃபிலிப்பினோ பியானோக்காரரின் நட்பு. புளூஸ் பாட்டு என்றால் பன்னிரண்டு பார் (தாளக் கட்டம்), பாருக்கு நாலு அடி என்று அவர் சொன்னதும் நான் தொடையில் தட்டிப் பார்த்தேன். நாற்பத்தெட்டு அடி, ஆதி தாளத்தில் சரியாக ஆறு ஆவர்த்தனம். அவர் சிரித்தார். மறுவாரம் அவரே தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். 1959-இல் மைல்ஸ் டேவிஸ் கொண்டுவந்த தட்டின் முதல் பாட்டைப் போட்டு, "இதில் ஒரே ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு பதினாறு பார் போகிறார்கள், டோரியன் என்று பெயர்" என்றார். ஸ்வரம் போட்டுப் பார்த்தால் நம் கரகரப்ரியா. பஜனையில் கேட்டுக் கேட்டுக் காதில் ஊறிய ராகம். அன்றைக்குத்தான் எனக்கு ஜாஸ் பயம் தெளிந்தது. ஜாஸ் கலைஞர் ராலண்ட் கர்க்கின் கேசட்டும் அவர் கொடுத்ததுதான். கர்க் கண் தெரியாதவர். குழலுக்குள் ஊதிக்கொண்டே தொண்டையால் முனகுவார், இரண்டு சத்தமும் ஒன்றோடொன்று உரசும். எனக்கு அது உறுமி. நம் குழலைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த கும்பகோணம் சரப சாஸ்திரியும் கண் தெரியாதவர் என்பது ஏனோ அப்போது நினைவுக்கு வந்தது. அந்த ஹோட்டல் மூன்று மாதச் சம்பளத்தைக் கடைசிவரை கொடுக்கவில்லை. சமையல்கட்டு அக்காமார்கள் மூன்று மாதமும் சோறு போட்டார்கள். நன்றி அக்காமார்களுக்கு மட்டும்.

பிறகு சென்னையில் இரண்டு வருடம். குரு முதல் நாள் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "உதடு நன்னாருக்கு, விரல்தான் ஆபீஸ்ல டைப் அடிக்கறது" என்றார். முழு உண்மை. 1847-இல் பேம் என்ற ஜெர்மானியர் அமைத்த உலோகக் குழலில் சாவி ஒன்று திறந்திருக்கும், இல்லை மூடியிருக்கும். நம் எட்டுத் துளை மூங்கிலில் விரல் சதை துளையைப் பாதி மூடும், கால்வாசி மூடும், வழுக்கும். கமகம் அந்தக் கால்வாசியில்தான் இருக்கிறது. குழல் மேதை மாலியின் ஒலிப்பதிவுகளைப் போட்டுப் போட்டுக் கேட்க வைத்தார். மனிதக் குரல் மாதிரியே இருக்கும், விரல் எங்கே என்றே தெரியாது. திரும்பி வந்து, ஐந்து சாவிகளின் நடுவில் துளையுள்ள உலோகக் குழலாகப் பார்த்து வாங்கினேன். என் வாசிப்பு என்று இன்றைக்கு நாலு பேர் சொல்வது அந்த ஐந்து துளைகளில் பழகியதுதான்.

உலக இசை என்று விழாக்காரர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். சரவாக்கில் சந்துபோங் மலையடியில் 1998 முதல் நடக்கும் மழைக்காட்டு இசை விழாவுக்குப் பார்வையாளராகப் போயிருக்கிறேன். நல்ல விழா. பெயர்தான் உறுத்தும், எல்லாம் ஏதோ ஒரு ஊரின் இசைதானே. லாசா என்ற சிற்றூருக்கு மேலே பிளஸ் ஆற்றங்கரையில் பழங்குடியினரான தெமியார் மக்கள் இருக்கிறார்கள். நம் ஊரிலிருந்து கொஞ்ச தூரம்தான், ஆனால் நாற்பது வயது வரைக்கும் நான் போனதில்லை. அங்கே ஒரு பாட்டி மூக்குக் குழல் வாசித்துக் காட்டினார். மூங்கில்தான், ஒரு மூக்குத் துளையிலிருந்து வரும் மூச்சு போதும். பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு மட்டும் கேட்கும். அவர்களுக்குப் பாட்டு கனவில் வருகிறதாம். நானும் என் வெள்ளிக் குழலை எடுத்துப் பிரமாதமாக ஒன்று வாசித்தேன். பாட்டி மலாயில் கேட்டார்: "பக்கத்தில்தானே இருக்கிறேன், எதற்கு இவ்வளவு சத்தம்?"

சனிக்கிழமை மின்சாரம் போனபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தக் கேள்விதான். மைக் இல்லை, விளக்கு இல்லை. யாரோ ஒரு தம்பி நாற்காலியை முன்னால் இழுத்தார். அப்புறம் எல்லாரும் இழுத்தீர்கள். நூறு நாற்காலி சிமெண்டுத் தரையில் உரசிய அந்தச் சத்தம்தான் அன்றைய கச்சேரியில் சிறந்த இடம் என்று பாஸ் கிட்டார்காரர் சொல்கிறார். மூங்கில் குழலை எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கி வந்தேன். அதுவரை அதகளம் பண்ணிய உறுமிப் பையன்கள் தோலைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தம்பிகளா, அந்தக் கட்டுப்பாடு எனக்கு உங்கள் வயதில் இருந்ததில்லை.

கச்சேரி முடிந்ததும் ஒரு அக்கா கேட்டார்: "எல்லாம் நம்ம ஊர்லயே இருந்திச்சே, ஏன்மா ஊர் ஊரா அலைஞ்சே?" நல்ல கதைதான், ஆனால் உண்மையில்லை அக்கா. அலையாமல் இருந்திருந்தால் லாசாவுக்குப் போகிற புத்தியே எனக்கு வந்திருக்காது.

மிச்சம் உள்ளவர்கள்: முதலில் கேட்ட ஒரு மண்டபம் 'இங்கிலீஷ் கூத்துக்கு' இடமில்லை என்றபோது பள்ளியைத் திறந்துவிட்ட பெற்றோர் சங்கத்தார், நாற்காலி கொடுத்த கோயில் நிர்வாகம், கூடாரத்துக்கு வாடகை வாங்காத சீன முதலாளி, பினாங்கிலிருந்து வரும் வழியில் கோலகங்சாரில் டயர் வெடித்தும் நேரத்துக்கு வந்த வாத்தியக்காரர்கள், இருட்டில் இருநூறு பேருக்கு மீ (நூடுல்ஸ்) பரிமாறிய மகளிர் குழு. சம்பால் கொஞ்சம் காரம். நன்றி.

ஒரு பச்சைக் குடை, இடக்கால் செருப்பு ஒன்று (குழந்தையுடையது, சிவப்பு), மூன்றடுக்கு டிபன் கேரியர் ஒன்று மண்டபத்தில் கிடந்தன. சந்தைக்கு எதிரே உள்ள சைக்கிள் கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. டிபன் கேரியரில் இருந்த பாயசத்தை நாங்கள் குடித்துவிட்டோம்.