ஆச்சியின் மாத்திரை அட்டை

அன்புள்ள மாப்ளே,

தீபாவளிக்குப் பிறகு உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நாலு தடவை கூப்பிட்டாய். ‘கூட்டமாக இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன்’ என்று வைத்துவிட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லோரும் சுகம். பட்டாணி சிங்கப்பூரிலிருந்து வந்து போனான். அதே சிரிப்பு, உனக்குத் தர வேண்டிய அதே பாக்கி.

உன்னிடம் பேசாததற்குக் கூட்டம் காரணமில்லை. நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம். மேலத்தெரு ஆச்சி பதினைந்து வருஷமாக என் கடையில்தான் சர்க்கரை மாத்திரை வாங்குகிறார். கிளிமிபிரைடு 1 மில்லிகிராம். நான் கொடுத்தனுப்பியது 2. இரண்டு அட்டையும் ஒரே நிறம், பக்கத்துப் பக்கத்து டப்பா. மொத்த வியாபாரி அனுப்பிய பில்லில் ஏதோ தப்பு. போனில் அதைப் பார்த்துக்கொண்டே அட்டையை எடுத்துக் கவரில் போட்டிருக்கிறேன். எட்டரை மணிக்கு ஆச்சியின் பேரன் அட்டையோடு வந்து நின்றான். நல்லவேளை, ஒரு மாத்திரைகூடப் போடவில்லை. அவன் பார்க்காமல் விட்டிருந்தால்? எண்பது வயசு, குருவி கொறிக்கிற சாப்பாடு, பகலில் வீட்டில் துணைக்கு ஆளில்லை. சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடந்தால் யார் பார்ப்பார்கள்? அன்று ராத்திரி முழுக்க அந்த அட்டையே கண்ணில் நின்றது.

வயசாகிவிட்டது, மறதி என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டில் வல்லாரைத் துவையல் அரைத்துப் போட்டார்கள். பிறகு, ஒரு நாள் முழுக்க நான் செய்வதை அப்படியே நோட்டில் குறித்துப் பார்த்தேன். ஒரு வேலையையும் முடித்துவிட்டு அடுத்ததைத் தொடவில்லை, மாப்ளே. மருந்துச் சீட்டுப் பார்க்கும்போது போன், பணம் எண்ணும்போது இருமல் மருந்து கேட்பவர், அதற்குள் ஆர்டர் எடுக்க வந்த பையன். சோஃபி லெராய் என்பவர் 2009இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். ஒன்றைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குப் போனால், புத்தியில் ஒரு பங்கு முன்னதிலேயே தங்கிவிடுகிறது, கையில் இருக்கும் வேலை கெடுகிறது என்கிறார். படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. என் கை ஆச்சியின் அட்டையில் இருந்தது, புத்தி மொத்த வியாபாரியின் பில்லில் இருந்தது.

இப்போது கடை நேரத்தில் என் போன் கல்லாவுக்குள் கிடக்கிறது. நடுவில் யாராவது கூப்பிட்டால், விட்ட இடத்தைத் துண்டுச் சீட்டில் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் திரும்புகிறேன். மாத்திரையைக் கொடுக்கும்போது பேரையும் எண்ணையும் வாய்விட்டுப் படிக்கிறேன். ‘ஆச்சி, கிளிமிபிரைடு, ஒண்ணு.’ அவரும் கூடவே ‘ஒண்ணு’ என்கிறார். காலையில் போன் இல்லாமல் காவிரிக் கரையில் அரை மணி நேரம் நடக்கிறேன். மூன்று மணிக்கு மேல் காபி கிடையாது. குடித்த காபியின் வேகத்தில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்குமாம். நான் ஆறு மணிக்கு ஒரு டம்ளர் குடித்துவிட்டு, பன்னிரண்டு வரை தூக்கம் வரவில்லை என்று புரண்டிருக்கிறேன். விட்ட முதல் வாரம் மண்டை வெடித்தது. இப்போது பத்தரைக்குத் தூங்கிவிடுகிறேன். ஏழு மணிக் கூட்டத்தில் இன்னமும் சில நாள் புத்தி அலைகிறது. ஆனால் அலைகிறது என்று அப்போதே தெரிந்துவிடுகிறது. அது பெரிய விஷயம்.

சரி, இவ்வளவும் எழுதியது உனக்காக. கணக்கு வாத்தியார் சுண்ணாம்புக்கட்டி எறிந்தும் எழாதவன் நீ. அந்தத் தூக்கத்தை எங்கே தொலைத்தாய்? ராத்திரி 1:40க்கு எனக்குச் செய்தி அனுப்புகிறாய். சனிக்கிழமை விடிகாலை ஐந்துக்கு எழுந்து, பத்து மணிக்குக் கடையை அடைத்துவிட்டு, அப்படியே திருச்சியிலிருந்து காரைக்குடிக்குக் காரை எடுக்கிறாய். ஐந்திலிருந்து பத்து வரை எண்ணிப் பார், 17 மணி நேரம். ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இருவர் 1997இல் சோதித்திருக்கிறார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் ஏறியவரின் நிதானத்துக்கு இறங்கிவிடுகிறது. அதாவது 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம். நம் சட்டத்தில் 30ஐத் தாண்டினாலே வழக்கு. ஒரு சொட்டு தொடாத நீ, வாராவாரம் அந்த நிலையில் புதுக்கோட்டை ரோட்டில் போகிறாய். என் தப்பைக் கண்டுபிடிக்க ஆச்சிக்குப் பேரன் இருந்தான். உன் பக்கத்து சீட்டில் யார் இருக்கிறார்கள்?

வரும் சனிக்கிழமை கடையை அடைத்ததும் வீட்டுக்குப் போய்ப் படு. ஞாயிறு விடிந்ததும் கிளம்பு. அம்மா இட்லி ஊற்றும் நேரத்துக்குப் போய்விடலாம். சேர்ந்ததும் கூப்பிடு. ஞாயிறு காலை போனைக் கல்லாவில் போடமாட்டேன்.

உன் பழைய பெஞ்சுக்காரன்,
கும்பகோணத்திலிருந்து