அத்திக் கன்று விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் சீமை அத்திக் கன்று விற்கும் தோட்டக்கடைக்காரர்களுக்கும், வீட்டுத் தோட்டக் குழுக்களில் ஆலோசனை வழங்கும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நம் வீட்டு முன்வாசல்களில், கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் பக்கத்தில், மலாய் அண்டை வீட்டார் 'புவா தின்' என்றழைக்கும் இந்த மரம் தொட்டியில் நிற்பது இப்போது வழக்கமான காட்சி. அது காய்க்கவில்லை என்று உங்களிடம் வந்தால், "குளிர்நாட்டு மரம், நம் வெயிலில் தாமதமாகத்தான் காய்க்கும், பொறுத்திருங்கள்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. அந்தப் பதில் சரியன்று என்பதையும், அதை நம்பிப் பலர் என்றுமே பழம் தராத மரத்துக்குத் தண்ணீர் ஊற்றி வருகிறார்கள் என்பதையும் பணிவுடன் எடுத்துச்சொல்ல விரும்புகிறேன்.

குளிர்நாட்டில் அத்திக்காகக் காத்திருப்பது உண்மைதான். ஆனால் அதன் காரணம் வேறு. இங்கிலாந்தின் பர்மிங்காமில் வாழும் என் தங்கை, தெற்கு நோக்கிய செங்கல் சுவரை ஒட்டி பிரவுன் டர்க்கி என்ற இன அத்தி மரம் ஒன்றை வளர்க்கிறாள். கோடையில் புதுக்கிளையின் கணுக்களில் காய் பிடிக்கிறது; அது பழுக்கப் போதிய வெப்பம் கிடைப்பதற்குள் இலையுதிர்காலம் வந்துவிடுகிறது. அவற்றில் பெரிய காய்களை அவள் கிள்ளி எறிந்துவிட்டு, கிளை நுனியில் பட்டாணி அளவே இருக்கும் பிஞ்சுகளை மட்டும் விட்டுவைத்து, உறைபனிக் காலத்தில் கிளைகளைப் போர்த்திக் காக்கிறாள். அவை பிழைத்தால் அடுத்த ஆண்டுக் கோடையின் கடைசியில் பழுக்கும். அங்கே குறைவாக இருப்பது வெப்பம். நமக்கோ அது ஆண்டு முழுதும் கிடைக்கிறது. வெட்டிவிட்ட கிளை துளிர்த்துச் சில இலைகள் விட்டதுமே கணுவில் காய் தோன்றி, மூன்று நான்கு மாதங்களில் பழுக்க வேண்டும். காய்ப்பதற்கென்று இந்த மரத்துக்குக் குளிர் தேவையில்லை.

அப்படியானால் இங்கே ஏன் பழுக்கவில்லை? முதலில் பார்க்க வேண்டியது இனம். பிரவுன் டர்க்கி, வயலெட் டி போர்டோ போன்றவை மகரந்தச் சேர்க்கையின்றியே பழுப்பவை. ஸ்மிர்னா வகையோ, ஆண் அத்தியிலிருந்து ஒரு நுண்ணிய குளவி மகரந்தம் கொண்டுவந்தாலொழியக் காயைப் பிஞ்சிலேயே உதிர்த்துவிடும். துருக்கியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுசென்று நட்ட மரங்கள் பல ஆண்டுகள் இப்படித்தான் உதிர்த்தன. 1899இல் அந்தக் குளவி அங்கு நிலைபெற்ற பின்னரே பழம் கிடைத்தது. நம் காட்டு அத்திகளுக்கும் குளவிகள் உண்டு என்றாலும், அவை தத்தம் இனத்து மரங்களையே நாடுபவை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அமெரிக்காவின் குளிர்ந்த வடமேற்குக் கரையில் பெரிதும் பாராட்டப்படும் டெசர்ட் கிங், பழைய கிளையில் வரும் முதல் காய்ப்பைத்தான் தானாகப் பழுக்க வைக்கும், புதுக்கிளைக் காய்களுக்கு அதற்கும் குளவி வேண்டும். குளிர்நாட்டாரின் பட்டியலைப் பார்த்து அதை இங்கே பரிந்துரைப்பது வாங்குபவரை ஏமாற்றத்தில்தான் கொண்டுபோய் விடும்.

விதைக்கன்று இதைவிட மோசம். உலர் அத்திப்பழத்தின் விதையிலிருந்து முளைப்பவற்றில் ஏறக்குறைய பாதி ஆண்மரங்கள். எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஓர் அம்மா ஆசையாக வாங்கிய கன்று விதையில் முளைத்தது என்பதை விற்றவர் சொல்லவே இல்லை. அது ஆள் உயரம் வளர்ந்து, பிஞ்சு விடுவதும் உதிர்ப்பதுமாக நிற்கிறது.

அடுத்தது மழை. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் செம்பழுப்புப் புள்ளிகள் தெரியும். விரலால் தேய்த்தால் துரு போலத் தூள் ஒட்டும். இந்தத் துருநோய் இலைகளைக் கொட்டச்செய்து, காயை ஊட்டும் வலுவின்றிக் கிளையை மொட்டையாக்கிவிடும். பழுக்கும் தறுவாயில் கனமழை நனைத்தால் பழம் வெடித்துப் புளித்துப்போகும். கன்றோடு உரம் விற்பதைக் காட்டிலும், வெளிச்சம் புகும் பிளாஸ்டிக் கூரை ஒன்றைப் போடச் சொல்வதும், உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அகற்றச் சொல்வதுமே பேருதவி. அடுக்குமாடியில் நேரடி வெயில் படாத பால்கனிக்கு இந்த மரத்தை விற்காதீர்கள்.

பொறுமையைச் சொல்லித்தர வேண்டிய இடமும் ஒன்று உண்டு. அத்திக்காய் முதலில் விரைவாகப் பருத்து, பிறகு வாரக்கணக்கில் அசையாமல் அப்படியே நிற்கும். இனி வளராது என்று எண்ணிப் பலர் அப்போதுதான் பறித்துவிடுகிறார்கள். பறித்த காய் வைத்திருந்தாலும் பழுக்காது. கடைசிச் சில நாள்களில் அது திடீரென உப்பி, நிறம் மாறி, கழுத்துத் தளர்ந்து தலைகவிழும். அதுவே பறிக்கும் நேரம்.

ஆகவே, ஒவ்வொரு கன்றிலும் இனத்தின் பெயரையும், அதற்குக் குளவி தேவையா என்பதையும், பதியனா, குச்சியா, விதையா என்பதையும் எழுதிக் கட்டுங்கள். இங்கிலாந்துக்கு எழுதப்பட்ட குறிப்பைக் குழுவில் பகிரும்போது, அது எந்த ஊருக்கானது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏற்கெனவே விதைக்கன்று வாங்கிச் சென்றவர்களை மரத்தை வெட்டி எறியச் சொல்ல வேண்டாம். வேர் நன்றாகப் பிடித்த அந்த அடிமரத்திலேயே பிரவுன் டர்க்கி குச்சி ஒன்றை ஒட்டுக்கட்டலாம். அவர்கள் உங்களைத் தேடி வந்தால், அந்தக் குச்சியைக் கொடுத்து, ஒட்டுக்கட்டும் முறையையும் காட்டிக்கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
செந்தூல் வீட்டுத் தோட்டக்காரர் ஒருவர்