செவ்வாய்க்கிழமையை எடுத்துவிடாதீர்கள்: எங்கள் கோளரங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். வடசென்னையில் ஒரு பள்ளி வளாகத்துக்குள் நீங்கள் கட்டிக்கொடுத்த சிறிய கோளரங்கத்தில் காட்சி நடத்துபவன் நான். வரும் கல்வியாண்டு முதல் செவ்வாய்க்கிழமை விடுமுறை கிடையாது, இரண்டு காட்சிகளுக்கு நடுவே பத்து நிமிடம் போதும், நேரடி விளக்கத்துக்குப் பதில் ஆயத்தப் படங்களை ஓட்டலாம் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. இந்த முடிவைக் கைவிடும்படி கேட்கவே எழுதுகிறேன். இங்கே பிள்ளைகளை அனுப்பும் ஆசிரியர்களும் பெற்றோரும் விவரம் அறிய வேண்டும் என்பதால்தான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

உங்கள் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர்ப் பள்ளிகள் முறைக்காகக் காத்திருக்கின்றன. கோட்டூர்புரத்தில் 1988 முதல் பிர்லா கோளரங்கம் இயங்குகிறது என்றாலும், எண்ணூரிலிருந்து ஒரு வகுப்பை அங்கே கூட்டிப்போய் வர ஒரு முழு நாளும் வண்டி வாடகையும் வேண்டும். நம் அரங்கத்துக்கு வரிசை நீள்வதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் செவ்வாய்க்கிழமை அரங்கம் சும்மா கிடக்கிறது என்று யாரோ குழுவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மை இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் முதல் வேலை லென்ஸ். நம் புரொஜெக்டரின் மீன்கண் லென்ஸ், அதாவது முழு வானத்தையும் குவிமாடத்தில் விரித்துக் காட்டும் லென்ஸ், அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறது. காட்சி நேரத்தில் மூடியில்லாமல் இருப்பதால் அறையில் மிதக்கும் தூசி அதன்மேல் வந்து இறங்குகிறது. நம் பகுதித் தூசியில் அனல்மின் நிலையச் சாம்பலும் கலந்திருக்கிறது. அந்தச் சாம்பலை நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் சிலிக்காவும் அலுமினாவும் சேர்ந்த பொடிப்பொடிக் கண்ணாடி உருண்டைகளாகத் தெரியும். அது படிந்திருக்கும்போது துணியால் ஒரே ஒருமுறை அழுத்தித் துடைத்தாலும் லென்ஸின் மேற்பூச்சில் கீறல் விழும். கீறல் விழுந்த பூச்சு ஒளியைச் சிதறடிக்கும். பிறகு குவிமாடத்தில் கறுப்பு கறுப்பாக இருக்காது. வானம் முழுவதும் சாம்பல் பூத்து, மங்கலான விண்மீன்கள் அதற்குள் காணாமல் போய்விடும். அதனால் முதலில் ரப்பர் குமிழால் காற்றடிக்கிறேன். அடுத்து மிருதுவான தூரிகையால் ஒற்றி எடுக்கிறேன். கடைசியில்தான் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த லென்ஸ் தாளை நடுவில் வைத்து, அழுத்தாமல், விளிம்புவரை சுற்றிக்கொண்டே போகிறேன். ஒரு சுற்றுக்கு ஒரு தாள். பயன்படுத்திய தாள் திரும்பக் கண்ணாடியைத் தொடக் கூடாது. வாசலில் அடுத்த பள்ளி நின்றுகொண்டிருக்கும்போது, பத்து நிமிடத்தில், இதைச் செய்யவே முடியாது.

கடற்காற்று தனித் தொல்லை. உப்பு பட்டு கேபிள் முனைகளில் பச்சை பூக்கிறது. ஈரம் உள்ளே நின்றால் லென்ஸில் பூஞ்சை நூல் நூலாகப் படரும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியையே அரிக்கும். அப்படி அரித்த தடம் எதைக் கொண்டு துடைத்தாலும் போகாது. மின்கட்டணத்தைக் குறைக்க இரவில் ஈரநீக்கியை நிறுத்தலாம் என்ற யோசனையும் சுற்றறிக்கையில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு லென்ஸின் விலை முன்னால் அந்தக் கட்டணம் ஒன்றுமே இல்லை.

புரொஜெக்டர் விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘எரிந்துகொண்டுதானே இருக்கிறது, ஏன் புதிதாகக் கேட்கிறீர்கள்’ என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். நம்முடையது உயர் அழுத்தப் பாதரச விளக்கு. ஆயுள் இத்தனை மணி நேரம் என்று பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் வெளிச்சம் பாதியாகக் குறையும் காலத்தைத்தான். பளிச்சென்ற படங்களில் அந்தக் குறைவு கண்ணுக்குத் தெரியாது. இரவு வானத்தில் தெரியும். விளக்கு அணைவதற்கு வெகு முன்பே பால்வீதி அணைந்துவிடுகிறது. மின்சாரம் சட்டென்று போனால் குளிர்விக்கும் விசிறியும் நின்று, விளக்கு தன் சூட்டிலேயே கெடும். யுபிஎஸ் பேட்டரியை உரிய காலத்தில் மாற்றும்படி நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தைப் பாருங்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்வளத்துக்காக வந்த தடை அது; ஆனால் விசைப்படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றுவதும், எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதும், வலையைச் சீராக்குவதும் அந்த நாட்களில்தான் நடக்கின்றன. படகு கரையில் நிற்பதை அங்கே யாரும் வேலையில்லாத காலம் என்று சொல்வதில்லை. நான் கேட்பது வாரத்துக்கு ஒரு நாள்.

அந்த நாளின் பிற்பகலில் அந்த வாரக் காட்சியைத் தயார் செய்கிறேன். ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் சென்னையின் அட்சரேகையைக் கொடுத்து, அந்த வாரம் எந்தக் கோள் எந்த நேரத்தில் எங்கே தெரியும் என்று ஓட்டிப் பார்க்கிறேன். நம் ஊர் ஏறத்தாழ 13 பாகை வடக்கில் இருக்கிறது. ஆகவே துருவ விண்மீனும் வடக்கு அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில்தான் நிற்கும். கையை முன்னால் நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால் அந்தக் கைமுட்டியின் அகலம் சுமார் 10 பாகை. அதற்குச் சற்று மேலே. ஐரோப்பாவுக்காக எடுத்த படத்தில் அதே விண்மீன் வானத்தில் பாதி உயரத்துக்கு மேல் ஏறியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு திருவொற்றியூர்க் கடற்கரையில் தேடும் பிள்ளைக்கு அது கிடைக்கப்போவதில்லை. மாசி மாதத்து மாலையில் தெற்கே பளிச்சிடும் அகத்திய நட்சத்திரமோ லண்டன் வானத்தில் எழுவதே இல்லை.

இந்த ஊரின் கதையும் அந்தப் படங்களில் கிடையாது. நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்த ரகுநாதாச்சாரி, 1867இல் ‘ஆர் ரெட்டிகுலி’ என்ற விண்மீனின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டறிந்தார். வடக்கே துருவ விண்மீன் நிற்கும் அதே அளவு உயரத்துக்குத்தான், தெற்கே அது எழுகிறது. இதை நான் குவிமாடத்தில் காட்டிச் சொல்லும்போது பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்கள். மீனவர் வீட்டுப் பிள்ளைகள், விடிவெள்ளியைப் பார்த்து அப்பா கடலுக்குக் கிளம்புவதைச் சொல்கிறார்கள். ஆயத்தப் படம் ஓடும்போது யாருடைய கேள்விக்கும் இடமில்லை.

காட்சி சூரியன் மறைவதிலிருந்து மெல்லத் தொடங்குவதும் காரணத்தோடுதான். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். காட்சிகளை நெருக்கினால் முதலில் வெட்டப்படுவது அந்த அந்திப் பொழுதாகத்தான் இருக்கும். பிள்ளைகள் வெளியே இறங்கும்போதுதான் விண்மீன்கள் தெரியத் தொடங்கும்.

எனவே செவ்வாய்க்கிழமையைப் பராமரிப்புக்கு விட்டுவிடுங்கள். காட்சிகளுக்கு நடுவே அரை மணி நேரம் கொடுங்கள். கூடுதல் பள்ளிகளுக்காகச் சனிக்கிழமை மாலையில் இன்னொரு காட்சி நடத்த நான் தயார். அதற்குத் தனிச் சம்பளம் கேட்கவில்லை. உதிரி விளக்கு ஒன்று எப்போதும் பீரோவில் இருக்க வேண்டும். இந்தப் பகுதியிலிருந்தே ஓர் இளைஞரையோ இளம்பெண்ணையோ உதவிக்கு அமர்த்துங்கள்; லென்ஸ் துடைப்பது முதல் வானம் சொல்வது வரை கற்றுக்கொடுக்கிறேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் அரங்கம் பூட்டிக் கிடக்கும் நிலை நீடிக்கக் கூடாது.

புதிய அட்டவணையை இறுதி செய்யும் முன், குழுவில் யாராவது ஒருவராவது ஒரு செவ்வாய்க்கிழமை காலை வாருங்கள். மூடியைக் கழற்றி, லென்ஸின் மேல் டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, ஒரு வாரத்தில் என்ன படிகிறது என்று காட்டுகிறேன்.

இப்படிக்கு,
காட்சி நடத்துநர்