டைனோசர் இருக்கட்டும், நத்தைக் கல்லிலிருந்து தொடங்கலாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிறுவர் பக்கத்தில் டைனோசர்களைப் பற்றி வந்த கட்டுரையை என் பேத்தி இரண்டு முறை படித்தாள். படங்களைக் கத்தரித்து பீரோ கதவில் ஒட்டியும் விட்டாள். பிள்ளைகளுக்கு இந்த ஆசையை மூட்டியதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் வந்த விலங்குகள் எல்லாமே அமெரிக்காவிலும் மங்கோலியாவிலும் தோண்டி எடுத்தவை. அரியலூர், பெரம்பலூர் பக்கத்து அரசுப் பள்ளிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். அதனால்தான் எழுதத் தோன்றியது.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒருநாள் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து என் மேசையில் வைத்தான். உள்ளங்கை அகலம் இருக்கும். மண் அப்பியிருந்தது. ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி சுருண்டு, மேலே வரிவரியாக மேடு. மக்காச்சோளக் கொல்லையில் உழும்போது கிடைத்ததாம். "டீச்சர், இது நத்தைதானே? ஏன் கல்லா இருக்கு?" என்றான். அன்றைக்கு நடத்த வேண்டிய பாடம் வேறு. புத்தகத்தை மூடி வைத்தேன்.

கழுவிப் பார்த்தால் ஒரு பக்கம் உடைந்திருந்தது. உள்ளே குறுக்கே குறுக்கே தடுப்பு வைத்து அறை அறையாக இருந்தது. வாய்க்கால் ஓரத்தில் கிடக்கும் காலி நத்தை ஓடு ஒன்றை எடுத்து வரச் சொல்லி, அதையும் உடைத்துப் பக்கத்தில் வைத்தோம். நத்தைக்குள் தடுப்பே இல்லை. அடிமுதல் நுனிவரை ஒரே குழாய். "அப்ப இது நத்தை இல்ல டீச்சர்" என்று அவனே சொன்னான். அதற்குப் பிறகுதான் அம்மோனைட் என்ற பெயரைச் சொன்னேன். கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் சொந்தம், கடலில் மட்டுமே வாழ்ந்தது, டைனோசர்கள் அழிந்த காலத்தில், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், அதுவும் அழிந்துபோனது என்றேன். வகுப்பே ஒரே குரலில், "கடலா? இங்கேயா?" என்றது.

ஆமாம், இங்கேதான். ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரிசல் கொல்லைகளெல்லாம் கடலுக்கு அடியில் இருந்தன. 1840களில் ஆங்கிலேய அதிகாரிகள் இங்கே பொறுக்கிய சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் வைத்து எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கை ஆய்வாளர் 1846இல் அறிக்கை எழுதினார். பின்னால் ஸ்டோலிட்ஸ்கா என்ற புதைபடிவ ஆய்வாளர் பெரிய பெரிய தொகுதிகளாகவே எழுதினார். இன்றும் இந்தப் பாறை அடுக்குகளுக்கு ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்கள்தான். வெளிநாட்டுப் புவியியலாளர் வாயில் ஊட்டத்தூர் வருகிறது. ஊட்டத்தூரிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைக்கு அது தெரியாது. இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பாடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் என்று ஒரு பாடம் இருக்கிறது. ஆனால் அது புத்தகத்தின் கடைசிப் பகுதியில். அதற்கு வருவதற்குள் திருப்புதல் தேர்வு வந்துவிடும். இரண்டு மதிப்பெண் கேள்விக்குப் புதைபடிவம் என்றால் என்ன என்று எழுதிவிட்டுப் பிள்ளை போய்விடுவான். கல்லைத் தொட்டே இருக்க மாட்டான்.

தொட்டுப் பார்க்கவைக்கப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஆய்வகத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு சிப்பிக் கல்மேல் விட்டால் நுரைத்துக்கொண்டு பொங்கும். கல்மரத் துண்டின்மேல் விட்டால் சும்மா கிடக்கும். முதலாவது சுண்ணாம்பு, இரண்டாவதில் மரம் இருந்த இடத்தில் நிலத்தடி நீர் கொண்டுவந்த சிலிக்கா குடியேறிவிட்டது. கல்லாவது என்றால் என்ன என்பதற்கு இந்த ஒரு சொட்டுக்கு மேல் விளக்கம் வேண்டாம். கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் சிப்பி ஓடு அடுக்கடுக்காகக் கிடக்கிறது, நம் வீட்டுச் சிமெண்டில் அந்தக் கடலும் கலந்திருக்கிறது என்று சொன்ன அன்று பிள்ளைகள் வகுப்பறைச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

கோடி கோடியாக ஆண்டுக் கணக்கு சொன்னால் யாருக்கும் புரியாது, பெரியவர்களுக்கும்தான். கிணற்றுக் கயிற்றை மைதானத்துக்குக் கொண்டுபோவேன். ஒரு சென்டிமீட்டர் என்றால் பத்து லட்சம் ஆண்டு. பூமி பிறந்து 46 மீட்டர். முதல் டைனோசர் நம்மிடமிருந்து ஏறக்குறைய 2.3 மீட்டர். கடைசி டைனோசரும் அம்மோனைட்டும் 66 சென்டிமீட்டர். மனிதன் எங்கே என்று கேட்பார்கள். 3 மில்லிமீட்டர், கயிற்றின் நுனியில் பிரிந்து நிற்கும் நார். மனிதன் டைனோசரை வேட்டையாடுவதாகப் படம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அதோடு அந்த எண்ணத்தை விட்டுவிடுவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தபோது, டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் பரவியது. வந்து பார்த்த நிபுணர்கள் முட்டை இல்லை, அம்மோனைட்டைச் சுற்றி வண்டல் இறுகிய உருண்டைகள் என்றார்கள். பலருக்கு ஏமாற்றம். எனக்கு அதைவிட நல்ல பாடம் கிடைத்திருக்காது. முட்டை என்றால் ஓடு எங்கே, ஓட்டில் நுண்துளை எங்கே என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையே கேட்கலாம். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த ப்ருஹத்காயோசரஸ் என்ற டைனோசரும் அப்படித்தான். 1980களில் அதை விவரித்தபோது முதலில் ஊன் உண்ணி என்றார்கள், பிறகு நீண்ட கழுத்துத் தாவர உண்ணி என்று திருத்தினார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். உலகத்திலேயே பெரிய விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த எலும்புகள் உதிர்ந்துபோய்விட்டன, படங்கள்தான் மிச்சம். அது எலும்புதானா என்றே சிலர் சந்தேகப்பட்டார்கள். எடுத்ததைக் காப்பாற்றத் தவறினால் என்ன ஆகும் என்று இதைவிடப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

அதனால் பள்ளியில் ஒரு கல் அலமாரி வையுங்கள் என்று எல்லா ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சீட்டு: எந்த ஊர், யார் கொல்லை, என்றைக்கு, யார் எடுத்தது. இடம் தெரியாவிட்டால் அந்தக் கல்லால் ஆராய்ச்சிக்குப் பாதிப் பயன்கூட இல்லை. சாத்தனூர், திருவக்கரைக் கல்மரப் பூங்காக்கள் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒரு துணுக்குக்கூட எடுக்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். காரையில் சிவந்த ஓடைச் சரிவுகளில் துப்பாக்கிக் குண்டு மாதிரி பெலம்னைட் (கணவாய்க்குச் சொந்தமான பழைய கடல் உயிரின் கல்) கிடைக்கும் என்று கேள்விப்பட்டு வந்து மூட்டை கட்டிக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். வயிறு எரிகிறது.

சுற்றுலா என்றால் தீம் பார்க்குக்குத்தான் பஸ் கிளம்புகிறது. சாத்தனூர்க் கல்மரம் 18 மீட்டர் நீளம். 1940இல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டது. ஊசியிலை மர இனம். அதன் பக்கத்தில் நின்று ஒரு பிள்ளை கை விரித்து அளந்து பார்க்க வேண்டாமா? வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

உங்கள் சிறுவர் பக்கத்துக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை டைனோசருக்குப் பக்கத்தில் ஓர் அம்மோனைட் படமும் போடுங்கள். அது கிடைத்த ஊர்ப் பெயரையும், அந்த ஊருக்கு எங்கே பஸ் ஏற வேண்டும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
அரியலூர் மாவட்டம்