மைக்ரோஃபாரட் சரியாக வந்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் தொழில் இணைப்பில் மின்னணுப் பழுது பார்ப்பவர்களுக்காக வந்த குறிப்பைப் படித்தேன். தமிழில் இந்த மாதிரி விஷயம் வருவதே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் ஒரு வரியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. மல்டிமீட்டரில் மைக்ரோஃபாரட் அளவு (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற கணக்கு) சரியாக வந்தால் கண்டன்சர், அதாவது சார்ஜைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர், நல்லது, மாற்ற வேண்டியதில்லை என்று போட்டிருந்தது. 12 வோல்ட் போர்டில் இதை வைத்து ஓரளவு ஓட்டிவிடலாம். 400 வோல்ட் தாங்குகிற கண்டன்சருக்கு இதை நம்பினால் பொருளும் போகும், ஆளுக்கும் ஆபத்து. கோவைப் பக்கத்து மில்களில் மோட்டார் டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) சர்வீஸ் செய்கிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

டிரைவில் வரும் எலக்ட்ரோலிட்டிக் வகைக் கண்டன்சருக்குள் சுருட்டி வைத்திருப்பது அலுமினியத் தகடு. அதன் மேல் மின்சாரத்தாலேயே வளர்த்த ஆக்சைடு படலம்தான் காப்பு. வோல்ட்டுக்குச் சுமார் 1.4 நானோமீட்டர் கனம் என்ற கணக்கில் வளர்ப்பார்கள், அதனால் 400 வோல்ட் கண்டன்சரிலும் அது ஒரு மைக்ரான்கூட இருக்காது, தலைமுடியின் கனத்தில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு மெல்லிய படலத்தில் அங்கங்கே பலவீனமான இடங்கள் இருக்கத்தான் செய்யும். அந்த வழியாக டிசி கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும். லீக்கேஜ் என்பது அதுதான். எல்லா எலக்ட்ரோலிட்டிக்கிலும் உண்டு, எவ்வளவு என்பதுதான் கேள்வி. மைக்ரோஃபாரடையும் வோல்ட்டையும் பெருக்கி நூறால் வகுத்தால் வருகிற மைக்ரோஆம்பியர், பல தயாரிப்பாளர்கள் போடும் உச்ச அளவு. 100 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் என்றால் 400 மைக்ரோஆம்பியர். அதுவும் வோல்டேஜ் கொடுத்துச் சில நிமிடங்கள் கழித்துப் பார்க்க வேண்டியது. நல்ல சரக்கு இதைவிட எவ்வளவோ கீழே நிற்கும். பாலிப்ரோப்பிலீன் பிலிம் கண்டன்சர் வேறு ஜாதி, அதில் நானோஆம்பியர் கணக்கு, ஆகவே ஒன்றின் அளவை வைத்து மற்றதை மதிப்பிடக் கூடாது.

இப்போது மீட்டருக்கு வருவோம். கண்டன்சர் ரேஞ்சில் அது கொடுப்பது ஓரிரண்டு வோல்ட். அந்த வோல்ட்டில் படலத்தின் பலவீனம் எதுவும் வெளியே தெரியாது. வோல்டேஜ் ஏற ஏற லீக்கேஜ் அதே விகிதத்தில் ஏறுவதில்லை, கண்டன்சரின் எல்லையை நெருங்கும்போது சட்டென்று எகிறும். 400 வோல்ட்டில் 5 மில்லிஆம்பியர் லீக் ஆனால் அந்த டப்பாவுக்குள் 2 வாட் சூடு. சூட்டில் லீக்கேஜ் இன்னும் கூடும், கூடினால் இன்னும் சூடு, கடைசியில் மேல்மூடி பிளந்துகொள்ளும். மீட்டர் அதுவரை "சரி" என்றுதான் காட்டிக்கொண்டிருக்கும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துப் போட்ட கண்டன்சர்களைப் பற்றி. மூன்று பேஸ் 415 வோல்ட் ஏசியை ரெக்டிஃபை செய்தால், அதாவது டிசியாக மாற்றினால், சுமார் 587 வோல்ட் டிசி வரும். அதை ஒரே 400 வோல்ட் கண்டன்சர் தாங்காது, அதனால் டிரைவில் இரண்டை சீரிஸில் போட்டு, ஒவ்வொன்றின் குறுக்கேயும் சமநிலைக்கு ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) வைப்பார்கள். ஆளுக்கு 293 வோல்ட் என்பது திட்டம். ஆனால் டிசி நிலைத்த பிறகு வோல்டேஜ் பங்கு பிரிவது மைக்ரோஃபாரடைப் பார்த்து அல்ல, யார் எவ்வளவு லீக் ஆகிறார் என்பதைப் பார்த்து. ரெசிஸ்டர்கள் 100 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கண்டன்சரின் லீக்கேஜ், குறுக்கே 60 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்ததற்குச் சமமாகிவிட்டது என்றால், அதன் பங்கு 160 வோல்ட்டுக்கு இறங்கும், பக்கத்தில் இருக்கும் நல்ல கண்டன்சர் தலையில் 427 வோல்ட் ஏறும். கெட்டுப்போனதில் ஓடும் லீக்கேஜ் 3 மில்லிஆம்பியர்கூட இல்லை! ஆனால் வெடிப்பது அந்த நல்ல கண்டன்சர்தான்.

அப்புறம் நடப்பதைத்தான் ஒரு மில்லில் கண்ணால் பார்த்தேன். வெடித்ததைக் கழற்றிவிட்டுப் புதியது போட்டார்கள். பக்கத்தில் இருந்ததை மீட்டரில் பார்த்தார்கள், மைக்ரோஃபாரட் கச்சிதமாக இருந்தது, விட்டுவிட்டார்கள். கொஞ்ச நாளில் புதியதும் போயிற்று. கண்டன்சர் டூப்ளிகேட் என்று கடைக்காரர்மேல் பழி. குற்றவாளி அதே போர்டில் வீங்காமல், ஒழுகாமல், பளபளவென்று உட்கார்ந்திருந்தது. சீரிஸில் ஒன்று போனால் இரண்டையும் மாற்றுங்கள், அந்த ரெசிஸ்டர்களையும் கழற்றி அளந்து பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். செலவைப் பார்த்துப் பலர் கேட்பதில்லை.

அடுத்து, ஸ்டோரில் கிடக்கும் ஸ்பேர் டிரைவ். வோல்டேஜே இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால் கண்டன்சருக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் திரவம் அந்த ஆக்சைடு படலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். அந்த நிலையில் எடுத்துவந்து நேராக 415 வோல்ட்டில் மாட்டினால் லீக்கேஜ் பாய்ந்து சூடேறி வெடிக்க வாய்ப்பு உண்டு. ஆனால் வோல்டேஜை மெல்ல ஏற்றினால் அதே லீக்கேஜ் படலத்தைத் திரும்ப வளர்த்துக்கொடுக்கும். வேரியாக்கில் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) 25, 50, 75, 100 சதவீதம் என்று படிப்படியாக ஏற்ற வேண்டும், படிக்கு அரை மணி நேரம், ரொம்ப வருடம் கிடந்தது என்றால் படிக்கு இரண்டு மணி நேரம்கூட. எந்த டிரைவுக்கு எவ்வளவு என்பது அதன் கையேட்டிலேயே இருக்கும். அவசரத்தில் யாரும் அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை, லைன் நின்றுபோன நேரத்தில் மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றால் எப்படித் திறப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

சரி, லீக்கேஜை எப்படி அளப்பது? கண்டன்சரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு, மெயின்ஸிலிருந்து பிரிக்கப்பட்ட டிசி சப்ளையில் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை நெகட்டிவ் பக்கம் சீரிஸில் போட்டு, ரெசிஸ்டரின் குறுக்கே வோல்ட் மீட்டரை வைத்தால் போதும். கண்டன்சர் முழு ஷார்ட்டாக இருந்தாலும் 400 வோல்ட்டில் ரெசிஸ்டரில் 1.6 வாட்தான் வரும், அதனால் 3 வாட் போட்டால் தாராளம், அந்த வோல்டேஜைத் தாங்குகிறதாகவும் பார்த்து வாங்க வேண்டும். மீட்டரில் 1 வோல்ட் என்றால் 10 மைக்ரோஆம்பியர். முதலில் பெரிய அளவு காட்டும், அது சார்ஜ் ஆகும் கரண்ட். பிறகு மெல்ல இறங்குவது காப்புப் பொருள் உள்வாங்கிக்கொள்வது. ஐந்து நிமிடம் கழித்து எங்கே நிற்கிறதோ அதுதான் லீக்கேஜ். பத்து விநாடி பார்த்துவிட்டு இது லீக் என்று நல்ல கண்டன்சரைத் தூக்கிப் போடுவதும் நடக்கிறது. 400 வோல்ட் டிசி உயிரை வாங்கும், பழக்கம் இல்லாதவர்கள் தனியாக இருந்து இதைச் செய்யவே கூடாது. முடித்ததும் ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் அடிக்கும் பழக்கத்தை விட்டுத்தொலையுங்கள். டிஸ்சார்ஜ் ஆன பெரிய கண்டன்சரில் சற்று நேரத்தில் வோல்டேஜ் தானாகத் திரும்பி ஏறும், அதனால் கழற்றி வைத்த கண்டன்சரின் இரண்டு முனையையும் ஒயரால் இணைத்தே வையுங்கள்.

அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தம் போட்டால் உதவியாக இருக்கும். ஐடிஐ முடித்துவிட்டு இந்த வேலைக்கு வரும் பையன்கள் உங்கள் இணைப்பை வெட்டி வைத்துக்கொள்கிறார்கள், பார்த்திருக்கிறேன். மில் ஸ்டோர்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஸ்பேர் டிரைவ் பெட்டியின் மேல் கடைசியாக எப்போது கரண்ட் கொடுத்தீர்கள் என்று மார்க்கரில் தேதி எழுதி வையுங்கள். வருடத்துக்கு ஒரு முறை எடுத்துக் கரண்ட் கொடுத்தால் மேலே சொன்ன மணிக்கணக்கு வேலையே வராது.

இப்படிக்கு,
டிரைவ் சர்வீஸ் டெக்னீஷியன்,
கோயம்புத்தூர்